கட்டில் வரை எட்டுகிற கேபிள்

சார்ஜ் கேபிள் விற்கிற தொழிலில், வாங்க வருகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் நீளத்தைக் கேட்டால், அவர் தனியாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செல்வமணி அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சனிக்கிழமை மதியம். ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கருங்கல் ஊரில் என் கடை வாசலில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, “தம்பி, மூணு மீட்டர் வயரு ஒண்ணு வேணுமே” என்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷம். ஒரே மகன் ஜெபின் மஸ்கட்டில் வேலை. மகன் பணத்தில் கட்டிய பெரிய வீட்டில் அண்ணன் ஒற்றைக்கு இருந்தார். அந்த வீட்டில் ஏ.சி. வைத்த அறை ஒன்று உண்டு. மகன் லீவில் வரும்போது மட்டும்தான் அதைத் திறப்பார்கள். அண்ணன் படுப்பது அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில். அங்கே பிளக் பாயிண்ட் கதவுப் பக்கம் இருந்தது, கட்டில் ஜன்னல் பக்கம் கிடந்தது.

என்னிடம் அப்போது இருந்த மூன்று மீட்டர் கேபிள் இடியாப்பம் மாதிரி மெலிந்தது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. நீளம் கூடினால் உள்ளே செம்பும் தடிமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சூடாகும், சார்ஜும் ஏறாது என்று சொன்னேன். நல்லது செவ்வாய்க்கிழமை பார்சலில் வரும், அதுவரைக்கும் இந்த ஒரு மீட்டர் கேபிளைக் கொண்டுபோங்கள், உறுதியானது என்று ஒன்றை எடுத்து வைத்தேன். “எட்டாதே தம்பி” என்றார். “மகனுக்க முறியில கட்டிலுக்க பக்கத்துலயே பாயிண்ட் உண்டுல்லா, அண்ணா? நாலு நாளைக்கு அங்க படுங்களேன்” என்றேன். அறையை நாங்கள் முறி என்றுதான் சொல்லுவோம். அவர் சிரித்துக்கொண்டே அந்தச் சின்னக் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு குடையை எடுத்தார். “அது அவனுக்க முறியாக்கும். வேர்த்து நாறுத கெழவன் அதுல கெடந்தா, பிள்ளை வரும்பம் மெத்தை மணக்காதா?”

செவ்வாய்க்கிழமை வந்த பார்சல்

செவ்வாய்க்கிழமை காலையில் பார்சல் வந்தது. அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் செய்தியும் வந்தது. திங்கள்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. சாயங்காலம் பால் கொண்டுபோன சரோஜா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருக்கிறாள். கதவை உடைத்து உள்ளே போனவர்களில் ஒருவர் கட்டிலில் கிடந்தார் என்றார், ஒருவர் தரையில் என்றார், இன்னொருவர் அடுக்களை வாசலில் என்றார். சாவு வீட்டில் நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகத்தான் சொல்வார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நெஞ்சு வலித்த நேரத்தில் அந்த மனிதரின் கைக்கு ஃபோன் எட்டியதா? அந்த மெலிந்த கேபிளையே கொடுத்திருந்தால், சூடானாலும் ஆகாவிட்டாலும், ஃபோன் கட்டிலில் இருந்திருக்கும். நான்தான் கொடுக்கவில்லை. மகன் வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். அடக்கத்துக்குப் போய்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றேன். அப்பாவைக் குழியில் இறக்கிய பையனிடம் போய், ஃபோன் எங்கே கிடந்தது மக்கா என்று எப்படிக் கேட்பது? அவன் திரும்பிப் போவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சரோஜா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “யாருக்கும் ஒரு பாடும் குடுக்காம போயிட்டாரு அண்ணா. அதுக்கும் ஒரு பாக்கியம் வேணும்.”

கத்தரித்துப் பார்த்தது

ஜெபின் என் கடைக்கு வர அதற்குப் பிறகு பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் கேபிள் கேட்டு வந்தவர்களிடம் நான் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினேன். சார்ஜ் ஏறுகிற அந்த ஒரே கோணத்தைக் கண்டுபிடித்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து, காற்றுக்கூடப் படாமல் காவல் இருக்கிற என் சக பாடுபடுகிறவர்களே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எனக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். இன்றைக்கும் பழைய ஆட்களுக்கு நான் ரேடியோக்காரன்தான். கேபிளையும் அப்படித்தான் படித்தேன்.

பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் தங்கம் ஒரு நாள் மலிவானதே போதும் என்று பிடிவாதம் பிடித்தாள். வெளியே பார்த்தால் அதுதான் நல்ல தடிமன். நான் அவளுடைய கத்தரியையே வாங்கி, மலிவானதில் ஒன்றும் நல்லதில் ஒன்றுமாக இரண்டையும் வெட்டிக் காட்டினேன். மலிவானதற்குள்ளே முழுக்க ரப்பர். நடுவில் தலைமுடி மாதிரி நாலைந்து செம்பு இழை. நல்லதில் இழைகள் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. கேபிள் முதலில் சாகிற இடம் கழுத்து, அதாவது ஃபோனில் சொருகுகிற பின்னும் வயரும் சேருகிற இடம். அங்கே வளைந்து கொடுக்கிற உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜில் போட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்கத் தோன்றினால் அந்த வயர் வேண்டாம். தலையணைக்கு அடியில் ஒருநாளும் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு வாத்தியாரைப் போலச் சொல்லி முடித்தேன். தங்கம், நான் வெட்டிப் போட்ட நல்ல கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல ஒரு வயற நாசமாக்கிப் போட்டியளே அண்ணா. இத வெட்டாம எனக்குத் தந்திருந்தா நான் உங்களுக்காக ஜெபம் பண்ணியிருப்பேனே.”

பெட்டியில் வந்தது

எங்கள் பக்கத்தில் கல்ஃப் பெட்டியில் வந்த சாமான் என்றால் அதன் மேல் குறை சொல்லக் கூடாது. சார்ஜர் வரும், கேபிள் வரும். அந்த ஊர்ச் சார்ஜருக்கு மூன்று சதுரக் கால். நம்முடைய பிளக்கில் அது நேராக இறங்காது. அதற்கொரு உபாயத்தை எல்லா வீட்டிலும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மேல் துளையில் பேனாவைக் குத்தி, கீழ்த் துளைகளை உள்ளே மறைத்திருக்கிற மூடி திறந்ததும் சார்ஜரை நெரித்துத் தள்ளுவார்கள். அது பாதியில் நிற்கும், ஆடும், பொறி பறக்கும், கடைசியில் கேபிளும் கருகும். பத்துப் பதினைந்து ரூபாய்க்கு மாற்று பிளக் ஒன்று கிடைக்கும். அதை வாங்க ஒருவருக்கும் தோன்றாது. வெளிநாட்டுச் சாதனத்துக்கு நம்மூர்ச் சாமானைப் பூட்டினால் அதற்குக் குறைச்சல்.

ஸ்டெல்லா என்றொரு பெண் அப்படிக் கருகிய கேபிளைக் கொண்டுவந்தாள். புருஷன் சவூதியில். மூன்று வருஷமாக வரவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு ஜாண் கறுத்துப்போயிருந்தது. டேப் சுற்றித் தரச் சொன்னாள். டேப் சுற்றினால் காயம் மறையும், ஆறாது, உள்ளே சூடு இன்னும் கூடும், இதைத் தூரப் போடு பிள்ளே என்றேன். புதிது ஒன்று வாங்கினாள், மாற்று பிளக்கும் வாங்கினாள். கருகியதைக் குப்பைக் கூடையில் போடப் போனேன். வெடுக்கென்று கையிலிருந்து வாங்கி, சுருட்டி, பர்ஸுக்குள் வைத்தாள். “களையாண்டாம் அண்ணா. அவரு கடைசியா வந்தப்பம் எனக்க கையில தந்தது இது ஒண்ணுதான். சார்ஜ் ஏறாட்டி ஏறாம கெடக்கட்டு.”

ஃபோனுக்குத் துணை

சில வருஷங்களுக்கு முன்னால் என் மனைவி லீலா நெய்யூரில் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வார்டில் ஃபோன் சார்ஜ் போட எங்களுக்கு வாய்த்த பாயிண்ட் முதல் கட்டிலின் பக்கம் இருந்தது. லீலாவுடையது நாலாவது கட்டில். ஊருக்கெல்லாம் கேபிள் விற்கிற நான் வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒரு முழத்துக் கேபிள். ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்ன இரண்டு பேர் அன்றைக்குக் கூப்பிட வேண்டும். அதனால் முதல் கட்டில்காரரின் மகளிடம் கேட்டு ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அது காணாமல் போய்விடக் கூடாதே என்று அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். திரையில் நம்பர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்திமூன்று. நிமிர்ந்தபோது லீலா இரண்டு கட்டில்களுக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. ரத்தம் கொடுக்கிறவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் நான்கு நாள் இருந்தாள். அந்த நான்கு நாளில் அவள் சொன்னதில் எத்தனையோ மறந்துவிட்டது. அன்றைக்கு வார்டில் எல்லாரும் கேட்கச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. “ஃபோனுக்குத் தொணையா இருந்தது போரும். இஞ்ச வந்து இருங்க.”

திரும்பி வராத ஆட்கள்

அவள் போன பிறகு கடையில் உட்கார முடியவில்லை. வீட்டிலும் முடியவில்லை. கன்னியாகுமரியில் லாட்ஜுகளுக்கு முன்னால் கடை போட்டிருந்த நீலகண்டன், “இஞ்ச வாரும் ஓய், சீசனுக்கு ஒரு ஆளு வேணும்” என்று கூப்பிட்டான். இருபது வருஷச் சிநேகிதன். போனேன். மாலை போட்ட சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். எல்லாருடைய ஃபோனும் செத்திருக்கும். கடல் காற்றில் உப்பு ஏறி, தொங்கவிட்ட கேபிள்களின் பின்களில் பத்து நாளிலேயே பச்சைப் பாசி மாதிரி பிடித்துவிடும். நீலகண்டன் அதைச் சாயங்காலம் துணியால் துடைத்து மறுபடியும் தொங்கவிடுவான்.

ஒரு நாள் பெரியவர் ஒருவருக்கு நான், இந்தப் பின் அரித்திருக்கிறது, இது வேண்டாம் சாமி என்று வேறொன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு நீலகண்டன் என்னை உட்கார வைத்துக் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தான். கோபப்படவில்லை. நாகர்கோவில் தாண்டும்வரை சார்ஜ் ஏறினால் போதும், அதற்கப்புறம் அவரை நான் பார்க்கப்போகிறேனா, அவர் என்னைப் பார்க்கப்போகிறாரா என்றான். அவன் சொன்னதில் எனக்கும் ஓர் ஆசுவாசம் இருந்தது. யாருடைய முகமும் மனசில் தங்காத இடம் அது. ஒரு மாதம் அங்கேயே இருந்தேன். ஆனாலும் பின்னைத் துடைக்கிற வேலையை மட்டும் நான் செய்யவில்லை. நான் கிளம்புகிற அன்றைக்கு அவன் என் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னான்: “உமக்கு ஆளு திரும்பி வரணும் ஓய். அதாக்கும் உமக்க தீனம்.”

அழைப்புப் பட்டியல்

ஜெபின் வந்தான். முகம் வீங்கியிருந்தது. மறுநாள் சாயங்காலம் ஃபிளைட். அப்பாவுடைய ஃபோனில் இருக்கிற படங்களைத் தன் ஃபோனுக்கு மாற்ற வேண்டும் என்றான். நான் வேலையை ஆரம்பித்தேன். எண்ணூறு படங்களுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் அவன் அனுப்பிய படங்களே. மீதியில் வீட்டு முன்வாசல், தென்னையில் குலை, மழைத் தண்ணீர் கட்டி நின்ற முற்றம் என்று அவர் அவனுக்கு அனுப்புவதற்காக எடுத்தவை. படங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

“மக்கா, தப்பா எடுக்காத. அன்னைக்கு இந்த ஃபோன் எங்க கெடந்துது?”

“கைப்பக்கத்துலதான் மாமா. எனக்க முறியில.”

“உனக்க முறியிலயா?”

“ஆமா. கட்டில்ல படுக்கல்ல. மெத்தை விரிப்பு சுருங்கக்கூட இல்ல. கீழ பாய் விரிச்சி, பாயிண்டுக்க பக்கம் தலைய வச்சிக் கெடந்திருக்காரு. ஏ.சி.யும் போடல்ல. நான் வரும்பமும் பாய் அப்படியே கெடந்துது, ஒரு சின்ன வயருல ஃபோனும் சார்ஜுல கெடந்துது.”

எனக்கு முதலில் வந்தது ஆசுவாசம்தான். இதை எழுதாமல் விடலாம், ஆனால் பொய்யாகிவிடும். பதினோரு நாளாக நெஞ்சில் வைத்திருந்தது இறங்கியது. கேபிள் எட்டியிருக்கிறது. நான் சொன்னதை மனிதர் பாதியாவது கேட்டிருக்கிறார். அப்படியென்றால் கூப்பிட்டிருக்கலாமே என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் கேட்கவில்லை. அவனே ஃபோனை வாங்கி, அழைப்புப் பட்டியலைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை இவன் அவரைக் கூப்பிட்டது இருந்தது. திங்கள்கிழமை அவர் யாரையும் கூப்பிடவில்லை.

“டூட்டி நேரத்துல விளிக்காதீங்கன்னு நான்தான் சொல்லியிருந்தேன். போன மாசம் ஒருக்கா விளிச்சாரு. சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கான். தேங்கா பறிக்க ஆளு வந்திருக்கு, எத்தன தேங்கா ஒனக்கு எடுத்து வைக்கன்னு கேக்காரு. நான் சத்தம் போட்டுட்டேன் மாமா.”

பக்கத்து வீட்டு நம்பரும் அதில் இருந்தது. சரோஜாவின் நம்பரும் இருந்தது. என் நம்பரும் ரேடியோ தம்பி என்று இருந்தது. ஒருவருக்கும் அவர் கை போகவில்லை. வலித்திருக்காது மக்கா, உறக்கத்தில் போயிருப்பார் என்றேன். அப்படியும் இருக்கலாம். அதை யாராலும் இனிச் சொல்ல முடியாது. படங்கள் ஏறி முடிந்ததும் ஜெபின் ஃபோனை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “நூறு சதவீதம் சார்ஜ் இருந்துது மாமா.”

எலக்ட்ரீஷியன்

மறுநாள் அவன் போகவில்லை. டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் அருளப்பனைக் கூப்பிட்டிருந்தான். என்னையும் கூப்பிட்டான். எந்த உயரத்தில் வைத்தால் படுத்துக்கொண்டே கை எட்டும் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். சின்ன அறையில் அவருடைய கட்டில் அப்படியே கிடந்தது. அதில் என்னைப் படுக்கச் சொன்னான். படுத்துக் கையை நீட்டினேன். அருளப்பன் சுவரில் பென்சிலால் குறித்தான். அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பாயிண்ட். அதே மாதிரி மேல்மாடியில், ஹாலில், யாரும் படுக்காத விருந்தினர் அறையில்.

சுவரை வெட்டுகிற மெஷின் சத்தத்தில் வீடு முழுக்கத் தூசி. அருளப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, பய நாலு நாளுல போயிட்டா வீட்டப் பூட்டித்தான போடப்போறான், இதெல்லாம் யாருக்கு?” என்று மெதுவாகக் கேட்டான். அதைக் கேட்டுவிட்டானோ என்னவோ, ஜெபின் துடைப்பத்தோடு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிமெண்ட் தூளைக் கூட்டத் தொடங்கினான். தலை நிமிராமலே சொன்னான்: “இனி இந்த வீட்டுல ஒருத்தருக்கும் வயரு எட்டல்லன்னு வரப்பிடாது.”

இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்த்ததிலேயே ஃபோன் சார்ஜ் போட இவ்வளவு வசதியான வீடு வேறு கிடையாது. கட்டிலில் படுத்தபடி கை எட்டுகிற பிளக் பாயிண்ட் பதினான்கு இருக்கிறது, படுக்க ஆள் இல்லை.